எது ஒத்துக்காது?

(கேரளாவின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகசாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேர் என்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். இந்த ஊரில் தமிழ் வழியில் படித்து, அப்புறம் கோயம்புத்தூருக்குப் போய், ஓர் அலர்ஜி மருத்துவரிடம் 19 வருடம் செவிலியராக இருந்தேன். முன்கையில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் பரிசோதனையை எத்தனை பேருக்குச் செய்தேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஒரு பையனிலிருந்து தொடங்குகிறேன். ஆறு வயது. வேலந்தாவளம் பக்கம். அவன் அம்மா கையில் நான்கு பக்கத் தாள் ஒன்று இருந்தது. ஏதோ ஒரு லேபில் ரத்தம் கொடுத்து வாங்கியது. பால், முட்டை, கோதுமை, தக்காளி, கத்தரிக்காய், வாழைப்பழம், துவரம்பருப்பு என்று முப்பதுக்கும் மேற்பட்ட பொருள்களுக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி. "இதெல்லாம் நிறுத்திடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த அம்மா ஒன்று விடாமல் நிறுத்தினார். எட்டு மாதமாகப் பிள்ளைக்குச் சோறும் புளித்தண்ணீர் ரசமும்தான். சட்டை தோளில் நிற்கவில்லை.

மருத்துவர் அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "பையனுக்கு என்னம்மா தொந்தரவு?" என்று கேட்டார்.

"காலையில் எழுந்ததும் தும்மல் சார். விடாமல் பத்து, பதினைந்து. மூக்கு ஒழுகும், கண்ணைக் கசக்குவான். பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குச் சரியாகிவிடும்."

"சாப்பிட்டதும் உடம்பு தடிக்குமா? வாந்தி?"

"இல்லைங்க சார்."

"பால்?"

"முன்னாடி தினமும் இரண்டு டம்ளர் குடிப்பான் சார். ஒன்றும் செய்ததில்லை."

அதைச் சொல்லும்போதே அந்த அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. பதில் அவரிடமே எட்டு மாதமாக இருந்திருக்கிறது, யாரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். குத்திப் பார்த்ததில் வீட்டுத் தூசியில் வாழும் உண்ணி ஒன்றுக்கு மட்டும் தடித்தது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். கேள்வி இல்லாமல் பரிசோதனைக்குப் போகாதீர்கள். எப்போது வருகிறது, எங்கே இருக்கும்போது வருகிறது, எதைத் தின்று எவ்வளவு நேரத்தில் வருகிறது, எத்தனை நேரம் இருக்கிறது: இதை ஒரு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் நோட்டு கேட்கும் கேள்விக்குத்தான் பரிசோதனை பதில் சொல்லும். நோட்டு காலியாக இருந்தால் அது சொல்லும் பதிலை எங்கே பொருத்துவது என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தாளின் மூலையில் 'ஐஜிஜி' என்று போட்டிருந்தது. அது உடம்பு உண்டாக்கும் ஒரு வகை எதிர்ப்புப் புரதம். நாம் வழக்கமாகத் தின்னும் உணவுக்கெல்லாம் ரத்தத்தில் ஐஜிஜி இருக்கும். தினமும் பால் குடிக்கிறவனுக்குப் பாலுக்கு ஐஜிஜி இருப்பதில் ஒரு வியாதியும் இல்லை. உணவு அலர்ஜியைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஐரோப்பிய, அமெரிக்க அலர்ஜி மருத்துவர் அமைப்புகள் அறிவித்திருக்கின்றன. ஒரே எழுத்துதான் வித்தியாசம், அலர்ஜிக்குப் பார்க்க வேண்டியது ஐஜிஇ என்ற இன்னொரு வகை எதிர்ப்புப் புரதம். 1960-களின் நடுவில் அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதி இஷிசாகாவும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிக் என்ற இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தது அது. காசு கொடுக்கும் முன் எந்த எழுத்து என்று கேளுங்கள்.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே உண்டாக்கினார். நமக்கு ஒவ்வாமை என்ற சொல் இருக்கிறது. அதற்கும் முன்னால் பாட்டிமார்கள் 'ஒத்துக்காது' என்றார்கள், கரப்பான் பண்டம் என்றார்கள், காரணம் தெரியாத தடிப்பைக் காணாக்கடி என்றார்கள். என்னிடம் வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது, "இருபது வருடமாகத் தின்கிறேன், இப்போது மட்டும் எப்படி ஒத்துக்காமல் போகும்?" போகும். முதல் சந்திப்பிலேயே அலர்ஜி வருவதில்லை. உடம்பு ஒரு பொருளைப் பார்த்து, அதற்கென்று ஐஜிஇ செய்து, தோலிலும் மூக்கிலும் குடலிலும் உள்ள சில செல்களின் மேல் அதை ஒட்டி வைத்துக்கொள்ளும். மறுபடி அந்தப் பொருள் வரும்போது அந்தச் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். அதனால்தான் அரிப்பு, தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு.

சரி, பரிசோதனைக்கு வருகிறேன். முன்கையின் உட்பக்கத்தைத் துடைத்து, பேனாவால் எண் போடுவேன். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு: தூசி உண்ணி, கரப்பான்பூச்சி, மகரந்தம், பூஞ்சை, தேவைப்பட்டால் உணவு. ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் சின்ன ஊசிமுனையால் தோலின் மேல்படலத்தை லேசாக நெம்புவேன். ரத்தம் வராது, வரவும் கூடாது. கொசு கடித்த அளவுக்குத்தான் வலி. இரண்டு சொட்டுகள் எங்களுக்கு மிக முக்கியம். ஒன்று ஹிஸ்டமின், அது தடித்தே ஆக வேண்டும். இன்னொன்று உப்புத் தண்ணீர், அது தடிக்கக் கூடாது. ஹிஸ்டமினே தடிக்கவில்லை என்றால், "சளி மாத்திரை ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்பேன். தலை குனிந்துவிடும். பொள்ளாச்சியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவரைத் திருப்பி அனுப்புவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும். அலர்ஜி மாத்திரையை ஐந்திலிருந்து ஏழு நாளைக்கு முன்பே நிறுத்த வேண்டும், மருத்துவரைக் கேட்டுத்தான். பல சளி மருந்துகளிலும் அதே மருந்து கலந்திருக்கும். இன்ஹேலரை நிறுத்த வேண்டியதில்லை. 15, 20 நிமிடம் கழித்து ஸ்கேல் வைத்து அளப்பேன். உப்புத் தண்ணீரைவிட 3 மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்திருந்தால் பாசிட்டிவ்.

அந்தப் பாசிட்டிவ் என்ன சொல்கிறது? உடம்பு அந்தப் பொருளை அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும். உங்கள் தொந்தரவு அதனால்தான் வருகிறதா என்பதைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தூசி உண்ணியின் உடம்பிலும் இறாலின் உடம்பிலும் ட்ரோப்போமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறது, கரப்பான்பூச்சியிலும் உண்டு. அதனால் தூசி ஒத்துக்காத சிலருக்கு இறால் சொட்டும் தடிக்கும், ஆனால் இறால் குழம்பை நிம்மதியாகச் சாப்பிடுவார்கள். அவர்கள் கையிலிருந்து தட்டைப் பிடுங்க வேண்டியதில்லை.

உடம்பு முழுக்கக் கரப்பான் என்ற அரிப்புத் தோல்நோய் உள்ளவர்களுக்கும், அலர்ஜி மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களுக்கும் ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கலாம். தாளில் 0.35-க்கு மேல் போனால் பெரும்பாலும் பாசிட்டிவ் என்று வரும். எண் பெரிதானால் அலர்ஜியாக இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. வந்தால் எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது. அப்புறம், "எனக்கு ஈசினோபில் கூடியிருக்கு" என்று அதையே ஒரு வியாதியாகச் சுமக்கிறவர்கள் நம் பக்கம் நிறைய. ஈசினோபில் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு வகை வெள்ளையணு. குடலில் புழு இருந்தாலும் ஈசினோபில் கூடும், யானைக்கால் புழுவாலும் கூடும். எது ஒத்துக்காது என்பதற்கு அதில் பதில் இல்லை.

நம் ஊரைப் பற்றிப் பேசாமல் முடியாது. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து காற்று, மார்கழியில் கிழக்கிலிருந்து காற்று. இந்தக் காற்றில் மகரந்தமும் தூசியும் சேர்ந்தே வரும். வரப்போரம், ரயில் தண்டவாளம், காலி மனை எங்கும் மூக்குத்தி மாதிரி வெள்ளைப் பூ வைத்து நிற்கிறதே பார்த்தீனியம், அது நம் மண்ணின் செடி கிடையாது. அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது. 1950-களின் நடுவில் பூனாவில் பார்த்திருக்கிறார்கள், இறக்குமதிக் கோதுமையோடு பரவியது என்பார்கள்.

எருத்தேம்பதிப் பக்கம் கடலைக்காட்டில் வேலை செய்யும் ஓர் அக்காவுக்கு முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துத் தடித்து வெடித்திருந்தது. மூன்று வருடமாக 'வெயில் அலர்ஜி' என்று களிம்பு பூசிக்கொண்டிருந்தார். சட்டையும் சேலையும் மூடிய இடம் சுத்தமாக இருந்தது. மழைக்குப் பின் செடி தழைக்கும்போது அதிகமாகும், மகள் வீட்டில் பத்து நாள் இருந்தால் குறையும். இந்த இரண்டையும் அவரே சொன்னார். இதைக் குத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. இது சில மணி நேரம், சில நாள் கழித்து வரும் வகை. முதுகில் சந்தேகப் பொருள்கள் வைத்த பட்டை ஒட்டி, 48 மணி நேரம் நனைக்காமல் வைத்திருந்து, எடுத்த அன்றும் அதற்கு ஓரிரு நாள் கழித்தும் பார்ப்பார்கள். பார்த்தீனியம் இருந்த இடம் சிவந்து பொரிந்திருந்தது. அதன் பிறகு செடியைப் பிடுங்கும் வேலையைத் தான் செய்யாமல், முழுக்கைச் சட்டையும் முகத்துக்குத் துணியுமாகக் காட்டுக்குப் போகிறார். கவரிங் நகையின் நிக்கல், சிமென்டில் உள்ள குரோமியம், தலைச்சாயம், ஒட்டும் பொட்டு எல்லாமே இந்தப் பட்டைப் பரிசோதனையில்தான் பிடிபடும்.

தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது, ஈரம் அதற்குப் பிடிக்கும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில், 60 டிகிரி அளவில், அலசுங்கள். பழைய இலவம்பஞ்சு மெத்தையை விட்டுவிடுங்கள். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் ஒட்டடை அடிக்கும்போது, வீசிங் உள்ள பிள்ளையை அன்று முழுக்கப் பக்கத்து வீட்டில் விட்டுவையுங்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்று பயந்து நிறுத்துகிறீர்களே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அது நேரே நுரையீரலுக்கே போவதால் மருந்தின் அளவு சின்னதாக இருந்தால் போதும், மாத்திரையைவிடப் பக்கவிளைவு குறைவு.

மீன் கதை ஒன்று சொல்ல வேண்டும். கடல் நமக்குத் தூரம், மீன் லாரியில் ஐஸ் வைத்து வருகிறது. ஒரு பெரியவர் அயிலை தின்று கால் மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் அரித்தது. அன்றிலிருந்து இரண்டு வருடம் மீனே தொடவில்லை. குத்திப் பார்த்தால் அயிலைக்கு ஒன்றும் இல்லை. "அன்று வேறு யாராவது சாப்பிட்டார்களா?" என்றோம். மருமகனுக்கும் அதே மாதிரி முகம் சிவந்ததாம். அயிலை, சூரை, மத்தி மாதிரி மீன்கள் ஐஸ் போதாமல் கிடந்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையிலேயே ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் அது அழியாது. நாக்கில் காரம் மாதிரி சுரீர் என்று தெரியலாம். அது கெட்ட மீன் செய்த வேலை. ஆனால் மீன் அலர்ஜி உண்மையிலேயே உள்ளவர்களும் உண்டு. ஆகவே "எனக்கும் அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் தின்று பார்க்காதீர்கள். சந்தேகமான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பதற்கு மருத்துவமனையில் முறை இருக்கிறது, பக்கத்தில் ஊசி மருந்தோடு.

அந்த ஊசி மருந்து அட்ரினலின். நம் சித்தூர்த் தென்னந்தோப்புகளில் மரம் ஏறுகிறவர்களுக்குக் கதண்டுக் குளவி கொட்டுவது புதிதல்ல. கொட்டிய இடம் மட்டும் வீங்கினால் அது வேறு. கொட்டிய கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, அதோடு மூச்சு இழுத்தாலும், குரல் மாறினாலும், தலை சுற்றி வாந்தி வந்தாலும் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருக்காதீர்கள். மாத்திரை போட்டுப் பார்க்கவும் நேரம் இல்லை. படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் உட்கார வையுங்கள். நடக்க விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் தொடையின் வெளிப்பக்கத் தசையில் அட்ரினலின் போடுவார்கள். தேறிய பிறகும் சில மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னால் இருங்கள், சிலருக்கு மறுபடியும் வரும். இதே மாதிரி பெனிசிலினாலும் வரலாம், வலி மாத்திரையாலும், நிலக்கடலையாலும் வரலாம். எதனால் வந்தது என்ற பரிசோதனையை நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்துச் செய்வார்கள்.

உங்களுக்கு ஆகாத மருந்து எது என்று தெரிந்திருந்தால் ஒரு சின்ன அட்டையில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். இன்று பாலக்காடு, நாளை கோயம்புத்தூர், மறுநாள் திருச்சூர் என்று போகிறவர்கள் நாம். 108-ஐக் கூப்பிடும்போதும், இந்தப் பக்கம் செல்போன் எந்த மாநிலத்து டவரைப் பிடித்திருக்கிறது என்று நமக்கே தெரியாது. ஊர்ப்பெயருக்கு முன்னால் "கேரளா, பாலக்காடு மாவட்டம்" என்று சொல்லிவிட்டு அப்புறம் ஊரைச் சொல்லுங்கள்.