வீரமா, ஈரமா? – வீர அணியின் இரண்டாவது பேச்சு

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். என் அணிக்கு, எதிரணிக்கு, சாம்பார் வாசனை வந்தும் எழுந்து போகாம உக்காந்திருக்கிற உங்களுக்கு, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். வெளியில மைனஸ் 20 டிகிரி. மினசோட்டாவுல ஜனவரி மாசம் பட்டிமன்றம் வெச்சா ஒரு வசதி, பேச்சு பிடிக்கலைன்னாலும் கூட்டம் எங்கயும் ஓட முடியாது.

தலைப்பு என்ன? ‘ஹாட்செட் நாவலைப் படிக்கிற பிள்ளைங்க மனசுல நிக்கிறது பிரையனோட வீரமா, ஈரமா?’ நம்ம பிள்ளைங்க ஆறாம் கிளாஸ் வந்தா பள்ளிக்கூடத்துல எப்படியும் கைக்கு வந்துடற புத்தகம். படிக்காத பெற்றோருக்காக ரெண்டே வரி. நியூயார்க்ல அம்மாகூட இருக்கிற 13 வயசுப் பையன் பிரையன், கனடாவோட வடக்குல வேலை பார்க்கிற அப்பாவைப் பார்க்க சின்ன விமானத்துல போறான். அம்மாவும் அப்பாவும் பிரிஞ்சவங்க. நடுவானத்துல பைலட்டுக்கு மாரடைப்பு. விமானம் ஏரியில விழுது. பையன் பிழைச்சுக்கறான், கையில அம்மா வாங்கிக் கொடுத்த கைக்கோடாலி ஒண்ணுதான். அதோட காட்டுக்குள்ள 54 நாள். 1987ல கேரி பால்சன் எழுதினது. அவர் யாரோ இல்லைங்க, 1939ல நம்ம மினியாபொலிஸ்ல பிறந்தவர். இந்தப் பட்டிமன்றத்துக்கு உள்ளூர் மாப்பிள்ளை.

சரி, வாதத்துக்கு வர்றேன். வர விட்டாத்தானே! எனக்கு முன்னாடி பேசின ஈர அணித் தலைவி, என் அன்புச் சகோதரி, ஒரு குண்டைப் போட்டுட்டுப் போனாங்க. என்ன சொன்னாங்க? “வீரத்தைப் பத்திப் பேச வர்றார் ஒரு அண்ணன். போன ஆகஸ்டுல சங்கப் பிக்னிக்ல ரெண்டு மணி நேரம் ஊதி ஊதிப் பார்த்து, அடுப்பு பத்தாம, கடைசியில பீட்சா வரவழைச்ச வீரர்!” நீங்களும் கை தட்டினீங்க. என் வீட்டம்மா எழுந்து நின்னே தட்டினாங்க. அதை நான் பார்த்தேன்.

நடுவர் ஐயா, என் நேரம் முழுக்கப் போனாலும் பரவாயில்லை, அன்னைக்கு என்ன நடந்ததுன்னு இந்தச் சபைக்குத் தெரிஞ்சாகணும்.

பிக்னிக் காலையில அடுப்பு பத்தவைக்கிற பொறுப்பு எனக்கு. கையில நீட்டு லைட்டர் இருக்கு, கரி இருக்கு, எண்ணெய் இருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. அப்போ என் பொண்ணு வந்து முன்னாடி நிக்கிறா. 11 வயசு. அந்த வாரம்தான் ஹாட்செட் படிச்சுக்கிட்டிருக்கா. “அப்பா, லைட்டரைக் கீழ வை. பிரையன் மாதிரி பத்தவைக்கலாம்.” பின்னாடி பார்த்தா தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்க 8 பேர் வரிசையா. ஒருத்தன் கையில கைக்கோடாலி, அவங்க அப்பா கேம்பிங் போக வாங்கினது. இன்னொருத்தி கையில ஏரிக்கரையில பொறுக்கின கருப்புக் கல்லு. 8 பிள்ளைங்க முன்னாடி ஒரு தமிழ் அப்பன் ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லுவானா? “அதுக்கென்ன, செஞ்சுடலாம்”னுட்டேன். அங்க ஆரம்பிச்சது சனியன்.

நாவல்ல என்ன நடக்குது? ராத்திரி பிரையன் தூங்கற குகைக்குள்ள முள்ளம்பன்றி வந்துடுது. இருட்டுல என்னன்னு தெரியாம கோடாலியைத் தூக்கி எறியறான். அது கல்லுச் சுவர்ல பட்டு நெருப்புப் பொறி பறக்குது. கால்ல முள்ளு குத்தி வலியில துடிக்கிறவனுக்கு அந்தப் பொறிதான் மறுநாள் மூளையில பத்திக்குது: நெருப்பு இந்தக் கோடாலிக்குள்ளயே இருக்கு! அப்புறம் காய்ஞ்ச புல்லு வெச்சுப் பார்க்கிறான், பத்தலை. சுள்ளி வெச்சுப் பார்க்கிறான், பத்தலை. அப்போ பாக்கெட்டுல என்ன இருக்கு? 20 டாலர் நோட்டு!

என் பொண்ணு கையை நீட்டறா. “அப்பா, ட்வென்ட்டி டாலர் கொடு. கிழிக்கணும்.”

நடுவர் ஐயா, நான் இந்த நாட்டுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. இன்னும் காபி குடிச்சாலும் ரூபாயில கணக்குப் போட்டுத்தான் குடிப்பேன். 20 டாலர்னா ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு மேல! நான் மெதுவா ஒரு டாலர் நோட்டை எடுத்தேன். “இதுவும் அதே பேப்பர்தாண்டா கண்ணு.” அவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே... “அப்பா, பிரையன் சாகப் போறான். அவன் ட்வென்ட்டி கிழிச்சான். நீ ஒன் டாலர் தர்றியா?” கொடுத்துட்டேன். 8 பேரும் சேர்ந்து கிழிச்சாங்க. ஒரு டாலர் நோட்டுல இருக்கிற ஜார்ஜ் வாஷிங்டன் தப்பிச்சார், இருபதுல இருக்கிற ஆண்ட்ரூ ஜாக்சன் பொடியா நறுக்கின வெங்காயம் மாதிரி ஆயிட்டார்.

கல்லுல கோடாலியை அடி அடின்னு அடிக்கிறேன். பொறி வருது, நோட்டுல விழுது, அணையுது. பொறி வருது, விழுது, அணையுது. அரை மணி நேரம். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறேன். அய்யா, நாவல்லயே அந்த நோட்டு பத்தலை! கிழிச்சான், பொறி விழுந்தது, பத்தலைன்னு தெளிவா எழுதி வெச்சிருக்கார் அந்த மனுஷன். கொஞ்சம் தள்ளிப் படிச்சிருந்தா என் 20 டாலர் பிழைச்சிருக்கும்! வாசிப்புப் பழக்கம் இல்லாததால ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு ஏற்பட்ட நேரடி நஷ்டம் இது.

இந்த இடத்தை இன்னொரு தடவை சொல்றேன், பின் வரிசையில இப்பத்தான் காபியோட வந்து உக்கார்றாங்க. நோட்டைக் கிழிச்சோம். பத்தலை. புத்தகத்துலயும் பத்தலை. என் வீட்டம்மா மட்டும் பத்திக்கிட்டாங்க.

அப்புறம் பிரையனுக்கு எது கைகொடுத்தது? பிர்ச் மரப்பட்டை. நம்ம ஊர் ஏரிக்கரை பூரா வெள்ளை வெள்ளையா நிக்குமே, அதே மரம். பட்டையை நகத்தால உரிச்சு உரிச்சு, தலைமுடி மாதிரி மெல்லிசா இழை எடுக்கணும். விழுந்து கிடந்த மரத்துலேர்ந்து பட்டை எடுத்து, 8 பிள்ளைங்களும் புல்லுல உக்காந்து உரிக்கிறாங்க. கொசு பிடுங்குது. போன் இல்லை, வீடியோ கேம் இல்லை. முக்கால் மணி நேரம் ஒரு சத்தம் இல்லை! என் வாழ்க்கையில தமிழ்ப் பிள்ளைங்க கூட்டத்துல அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. நடுவுல ஒரு பொடியன் மட்டும் தலையைத் தூக்கி, “அங்கிள், 54 நாள் காட்டுல இருந்தானே, கழுவறதுக்கு என்ன பண்ணினான்?”னு கேட்டான். பால்சன் பதில் எழுதலை. நானும் சொல்லலை.

மறுபடி அடிச்சேன். பொறி விழுந்தது. பட்டை இழை ஓரத்துல சிவப்பா ஒரு புள்ளி. புகை! நூல் மாதிரி ஒரு புகை. 8 பேரும் கத்தறாங்க, “ஊதுங்க அங்கிள், ஊதுங்க!” பிரையனும் அப்படித்தான், நெருப்புக்குக் காத்து வேணும்னு புரிஞ்சு ஊதுவான். நானும் ஊதினேன். நான் ஊதின ஊதுல... அணைஞ்சு போச்சு.

ஆமாம் சகோதரி, ஊதி அணைச்சது நான்தான். ஒத்துக்கறேன். சபையில ஒத்துக்கறேன்.

பீட்சாவை வரவழைச்சது உங்க வீட்டுக்காரர், நான் இல்லை. அது போகட்டும். பீட்சா கொண்டு வந்த பையன் இந்தக் கூத்தைப் பார்த்துட்டு, பாவம், பாக்கெட்டுலேர்ந்து லைட்டரை எடுத்து நீட்டினான். 8 பிள்ளைங்களும் ஒரே குரல்ல “நோ!” என் பொண்ணு சொன்னா, “அதுல பத்தவெச்சா அது நம்ம நெருப்பு இல்லை.” பீட்சா ஆறிப் போச்சு. ஒரு பிள்ளை தொடலை. இருட்டற வரைக்கும் பட்டை உரிச்சாங்க. பத்தலை. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம், விரல் பூரா கீறல். அடுத்த வாரமும் போகலாம்னு கேட்டாங்க. நாவல்ல கடைசியில பிரையனுக்கு விமானத்துலேர்ந்து லைட்டரும் துப்பாக்கியும் கிடைக்கும்போது அவனுக்கும் சந்தோஷத்தோட ஒரு நெருடல் வருது. அதை எந்த டீச்சரும் விளக்காம இந்த 8 பேரும் புரிஞ்சுக்கிட்டாங்க. இது வீரம் இல்லாம என்ன?

ஈர அணி என்ன சொல்லுது? அம்மாவைப் பத்தி அவன் மனசுல பூட்டி வெச்சிருக்கிற ரகசியம், அப்பா அம்மா பிரிவு, தனிமை, அழுகை, அதுதான் நாவல்னு சொல்லுது. அழறான், இல்லைங்கலை. முள்ளம்பன்றி குத்தின அந்த ராத்திரி நல்லா அழறான். அழுது முடிச்சுப் பார்க்கிறான்: கால் வலி அப்படியே இருக்கு, இருட்டு அப்படியே இருக்கு, தனிமை அப்படியே இருக்கு. தன்மேலயே இரக்கப்பட்டு ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு அன்னைக்குக் கத்துக்கறான். அதுக்கப்புறம் மூஸ்ங்கிற ராட்சச மான் வந்து ஏரியில போட்டு மிதிக்குது, அதே நாள் சுழற்காத்து அடிக்குது, ஸ்கங்க்னு ஒரு சின்னப் பிராணி வந்து நாத்தம் பிடிச்ச நீரைக் கண்ணுலயே பீச்சுது. எழுந்து மறுபடி கட்டறான்.

நம்ம தமிழ்ப் பள்ளியில இந்தப் புத்தகத்தைப் படிச்ச பிள்ளைங்ககிட்ட கருத்துக் கேட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கேன். ஒருத்தி, “மூஸ் பண்ணினது அநியாயம்”னா. ஒருத்தனுக்குப் புத்தகமே பிடிக்கலை. “ஒரே வார்த்தையை மூணு மூணு தடவை எழுதறார், போர்”னான். அவனைப் பட்டிமன்றத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க. ஆமை முட்டையைப் பச்சையாக் குடிக்கிற இடம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, ‘உவ்வே’ன்னுக்கிட்டே சிரிக்கிறாங்க. இதுல ஒரு வேடிக்கை. பிரையன் படற பாட்டுல பலதைத் தானே பட்டுப் பார்த்துட்டு எழுதினவர் பால்சன். அலாஸ்காவுல ஆயிரம் மைல் நாய்வண்டிப் பந்தயம் ஓடினவர். அந்த ஆமை முட்டையைக் குடிச்சுப் பார்த்தார், அவரால உள்ள இறக்க முடியலை. அவரே எழுதியிருக்கார்.

முக்கியமான சாட்சிக்கு வர்றேன். புத்தகம் வந்ததும் பிள்ளைங்க பால்சனுக்குக் கடிதம் எழுதினாங்க. ஈரம்தான் மனசுல நின்னிருந்தா என்ன எழுதியிருக்கணும்? ‘நல்லவேளை சார், பையன் வீடு போய்ச் சேர்ந்தான்’னு. பிள்ளைங்க என்ன எழுதினாங்க? சீக்கிரம் காப்பாத்திட்டீங்க, குளிர்காலம் வர்றதுக்குள்ள கூட்டிட்டுப் போனது செல்லாதுன்னு! அந்த மனுஷனும் பணிஞ்சு, பிரையனை யாரும் காப்பாத்தலைன்னு முடிவையே மாத்தி, பனியில தள்ளி, 1996ல ‘பிரையன்ஸ் வின்டர்’னு இன்னொரு நாவலே எழுதினார். வாசகர் கடிதத்தால கதாநாயகன் மைனஸ் டிகிரியில மாட்டினான் ஐயா! நம்ம எல்லாரையும் மாட்டிவிட்டது வேலை விசா, அவனை மாட்டிவிட்டது பிள்ளைங்க.

மணி அடிக்கப் போறீங்க, தெரியுது. ஒரு நிமிஷம்.

என் பொண்ணு இந்தக் கதையை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை எங்கம்மாவுக்குச் சொல்லிக்கிட்டு வந்தா. எங்கம்மா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமத்துல இருக்காங்க. இங்க காலையில 9 மணி, அங்க ராத்திரி ஏழரை. வீடியோ கால்ல பேத்தி பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாச் சொல்லுவா. விமானம் விழுந்த கதை கேட்டு அம்மா பயப்படலை, கரடி வந்ததுக்குப் பயப்படலை. ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்விதான். “அந்தப் புள்ள இன்னிக்கு என்ன சாப்பிட்டான்?” ஒரு வாரம் புளிப்புப் பழம், வயித்தைப் பிடுங்கி எடுத்துடுச்சு. ஒரு வாரம் ராஸ்பெர்ரி. ஒரு வாரம் மீன். “உப்பு ஏதுடி?”ன்னு கேட்டாங்க. உப்பு இல்லைன்னதும் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

கடைசி வாரம். விமானத்துக்குள்ளேர்ந்து எடுத்த பையில இருந்த உணவை பிரையன் சமைச்சுக்கிட்டிருக்கான். அந்தப் பையிலயே இருந்த கருவி, வேலை செய்யலைன்னு அவன் தட்டிவிட்டுப் போட்ட கருவி, சத்தமில்லாம சிக்னல் அனுப்பிக்கிட்டிருந்திருக்கு. அதைக் கேட்டு ஒரு விமானம் ஏரியில வந்து இறங்குது. ஒருத்தர் வெளிய வந்து திகைச்சு நிக்கிறார். 54 நாள் பட்டினியும் அரைப்பட்டினியுமா, எலும்பும் தோலுமா நிக்கிற பையன், தன் பேரைச் சொல்லிட்டு, வந்தவர்கிட்ட, ‘ஏதாவது சாப்பிடறீங்களா’ன்னு கேட்கிறான்.

எங்கம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், “நல்ல வீட்டுப் புள்ள”ன்னாங்க.

இது எந்த அணிக்குச் சேரும்னு எனக்குத் தெரியலை நடுவர் ஐயா, நீங்களே வெச்சுக்கங்க. அப்போ என் பொண்ணு கேட்டா. அத்தனை வருஷத்துல நான் சம்பிரதாயமா ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், அவ கேட்டு நான் பார்த்ததில்லை. “பாட்டி, நீங்க இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?”

அம்மா சொன்னாங்க, “ஒருத்திக்கு என்னடி தனியா சமையல்? காலையில வெச்ச சோத்துல மோர் ஊத்திக் கரைச்சுக் குடிச்சேன்.”

எட்டு அறை இருக்கிற வீடுங்க அது.

மணி அடிச்சுடுங்க ஐயா. நான் உக்கார்றேன்.