பாதி கல், பாதி மண்: ஆனாலும் நெவாடா மலையில் புல் எப்படி வளர்கிறது?

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பிடி மண். விரலால் கற்களை ஒரு பக்கம் ஒதுக்குகிறேன்]

இதை உங்கள் தாத்தாவிடம் காட்டிப் பாருங்கள். "இது மண்ணாடா? ரோடு போடத்தான் ஆகும்" என்பார். பாதிக்குப் பாதி கல். மண்வெட்டியைப் போட்டால் 'ணங்' என்று கேட்கும். இப்படிப்பட்ட மண்ணில்தான் அமெரிக்காவின் நெவாடா மலைச்சரிவுகளில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கிறது, மாடு மேய்கிறது. அதுவும் அந்தக் கல் கெடுக்காமல் இருப்பதால் அல்ல, கல் உதவுவதால்.

(கையில் இருப்பது நெவாடா மண் இல்லை. செம்மண்ணில் ஜல்லியைக் கலந்து நானே செய்தது. விமான டிக்கெட் எடுக்கிற அளவுக்குச் சேனல் இன்னும் வளரவில்லை. சப்ஸ்கிரைப் பட்டன் கீழேதான் இருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள்.)

[காட்சி: வரைபடம், வேகமாக]

பின்னணியை ஓட்டிவிடுவோம். அமெரிக்காவிலேயே மிக வறண்ட மாநிலம் நெவாடா. ஆனால் அந்த ஸ்பானியப் பெயருக்குப் பொருள் 'பனி மூடியது'! 300க்கும் மேற்பட்ட மலைத்தொடர்கள், நடுநடுவே வறண்ட பள்ளத்தாக்குகள். மலை மேல் குளிர்காலத்தில் பனி விழும், வசந்தத்தில் உருகும், கோடையில் வானம் கைவிரித்துவிடும். உறைபனி பாறையை உடைக்கும், உடைந்தது சரிவில் உருளும், காற்று கொண்டுவரும் புழுதி இடுக்கில் தங்கும். மண் தயார். முடிந்தது.

[காட்சி: அளவுகோல், பக்கத்தில் ஜல்லி]

இப்போது கணக்கு. அமெரிக்க மண் ஆய்வாளர்கள் 2 மில்லிமீட்டரிலிருந்து 75 மில்லிமீட்டர் வரை உள்ளதைச் சரளை என்கிறார்கள். கட்டட வேலைக்கு வருகிற முக்கால் இன்ச் ஜல்லி இதற்குள் அடக்கம். மொத்தக் கொள்ளளவில் 15 முதல் 35 சதவீதம் கல் இருந்தால் 'சரளை மண்'. 35 முதல் 60 வரை 'மிகுசரளை'. 60ஐத் தாண்டினால் அதற்கும் மேலே ஒரு வகுப்பு.

இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முதலில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துவிடுவார்கள். கல் வெளியே, பொடி உள்ளே. அந்தப் பொடியைச் சோதித்து 'அருமையான மண்' என்று அறிக்கை வரும். அருமைதான், ஆனால் அது பாதி மண்ணின் ஜாதகம். மீதிப் பாதியை நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

[காட்சி: வெட்டிய இரண்டு தண்ணீர் பாட்டில்கள்]

சரி, இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். ஒரு பாட்டிலில் சலித்த செம்மண் மட்டும். (அம்மாவிடம் கேட்காமல் எடுத்த மாவுச் சல்லடை. அது தனிக் கதை.) இன்னொன்றில் அதே செம்மண்ணோடு ஏறக்குறைய பாதி ஜல்லி. இரண்டிலும் ஆளுக்கு ஒரு டீ டம்ளர் தண்ணீர். முதல் தடவை அவசரப்பட்டு மொத்தமாகக் கவிழ்த்தேன், தண்ணீர் பாட்டில் ஓரமாகவே வழுக்கி இறங்கிவிட்டது. காயவைத்து, மறுபடி நிரப்பி, இந்த முறை ஸ்பூனால் விட்டேன்.

[காட்சி: ஈரம் இறங்குவது, வேகமாக ஓட்டப்பட்டது]

வெறும் மண்ணில் ஈரம் நான்கு விரல்கடையோடு நின்றுவிட்டது. ஜல்லி கலந்ததில் ஏழு விரல்கடை! தண்ணீர் அதே அளவுதான். கல் தண்ணீரைக் குடிக்காது, இடத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் தனக்கு இடம் தேடிக் கீழே போகிறது. நெரிசல் பஸ்ஸில் 'உள்ள போ, உள்ள போ' என்று கண்டக்டர் தள்ளுகிற மாதிரி.

இதை மலையில் வைத்துப் பாருங்கள், எல்லாம் தோராயக் கணக்கு. நல்ல பசளை மண் (மணலும் களியும் அளவாகக் கலந்தது) ஒரு மீட்டர் ஆழத்துக்குச் செடி குடிக்கக்கூடிய தண்ணீர் 150 மில்லிமீட்டர் வரை பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லிமீட்டர் தண்ணீர் இறங்கினால் 20 சென்டிமீட்டர் நனையும். பாதி கல் இருந்தால் 40 சென்டிமீட்டர் நனையும். அடுத்து வெயில் வருகிறது. மேல் 10 சென்டிமீட்டரை உறிஞ்சிவிட்டது என்று வையுங்கள். கல் இல்லாத மண் பாதியை, 15 மில்லிமீட்டரைப் பறிகொடுத்தது. கல் மண்ணுக்குக் கால் பங்குதான் நஷ்டம், 22.5 மில்லிமீட்டர் பத்திரம். கல் மண் தன் தண்ணீரை வெயிலின் கை எட்டாத அலமாரியில் வைத்துவிட்டது.

வறண்ட இடத்தில் கரடுமுரடான மண்ணே செழிப்பு, மழை மிகுந்த இடத்தில்தான் களிமண் ஜெயிக்கும் என்று 1973இல் இமானுவேல் நோய்-மெயர் என்கிற இஸ்ரேலிய சூழலியலாளர் எழுதினார். ஆண்டு மழை 300இலிருந்து 500 மில்லிமீட்டருக்குள் எங்கேயோ இந்தத் தராசு சாய்கிறது என்பது அவர் கணிப்பு. நெவாடா மலைச்சரிவுகள் பல அந்த எல்லையை ஒட்டியே இருக்கின்றன.

உடனே தோட்டத்தில் ஜல்லியைக் கொட்டிவிடாதீர்கள், மக்களே. இதில் ஒரு பொறி உண்டு. அரை மீட்டரில் பாறை வந்துவிட்டால், பாதி கல் மண்ணின் மொத்தக் கையிருப்பே 37 மில்லிமீட்டர் சொச்சம். அதற்கு மேல் உருகும் பனி பாறை வெடிப்பில் போய்விடும். கல் சேமிக்கும், ஆனால் பெட்டி சின்னது. அதனால்தான் அங்கே புல் அவசரமாக வளர்ந்து, ஜூலை வாக்கில் பழுத்துவிடுகிறது.

[காட்சி: நிற அட்டைப் புத்தகம்]

நிறம் பற்றி ஒரு வார்த்தை. புல் வேர்கள் ஆண்டுதோறும் மண்ணுக்குள்ளேயே மக்குவதால் மேல்மண் அடர்பழுப்பு, ஈரத்தில் ஏறக்குறைய காப்பிப்பொடி நிறம். அதை அளக்க ஆய்வாளர்கள் கையில் வைத்திருப்பது ஆல்பர்ட் மன்செல் வகுத்த நிற முறை. அவர் விஞ்ஞானி இல்லை, பாஸ்டனில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர்!

அப்புறம் சேஜ்பிரஷ். சாம்பல் பச்சையாய் மலை முழுக்க நிற்கும் இந்தப் புதர், நம் கதம்பத்தில் வரும் மரிக்கொழுந்துக்குப் பங்காளி, ஒரே பேரினம். இதன் வேர் இரவில் ஆழத்து ஈரத்தை இழுத்து மேல்மண்ணில் கசியவிடுகிறது என்று 1987இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் இருவரும் காட்டினார்கள். கல் தண்ணீரைக் கீழே அனுப்புகிறது, செடி ராத்திரியில் கொஞ்சத்தை மேலே கொண்டுவருகிறது. ஷிஃப்ட் முறையில் வேலை!

மாடு மேய்ப்பவருக்கு இதில் என்ன கிடைக்கிறது? 2024இல் அரசின் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாடும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்குக் கட்டணம் 1.35 டாலர். நம் காசில் 110 ரூபாய் சொச்சம். இங்கே மாடு வைத்திருப்பவர்கள் கமெண்டில் அழலாம். அதிகம் மேயவிட்டால் புல் போய், வெற்றிடத்தில் 'சீட்கிராஸ்' என்கிற வந்தேறிப் புல் புகுந்துவிடும். கோடை தொடக்கத்திலேயே காய்ந்து தீயை வரவேற்கும், எரிந்த சேஜ்பிரஷ் மறுபடி துளிர்க்காது. அது இன்னொரு வீடியோ.

[காட்சி: குழியின் சுவர், அதிலிருந்து எடுத்த ஒரு கூழாங்கல்]

கடைசியாக இந்தப் படம். மண் ஆய்வாளர் குழி வெட்டி, மேலிருந்து கீழே நீர்த்த அமிலத்தைச் சொட்டு சொட்டாக விடுவார். மேலே ஒன்றும் நடக்காது. ஓர் ஆழத்துக்குப் பிறகு 'புஸ்ஸ்' என்று நுரைக்கும், அங்கே சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஒரு கல்லைப் பிடுங்கிப் பாருங்கள்: முதுகு சுத்தம், வயிற்றில் வெள்ளைப் பூச்சு. இறங்கி வந்த தண்ணீர் கல்லின் அடியில் தொங்கி, அங்கேயே வற்றி, கொண்டுவந்த சுண்ணாம்பை விட்டுப் போயிருக்கிறது. உப்புத்தண்ணீர் ஊரில் கெட்டில் அடியில் படிகிறதே, பெரும்பாலும் அதே சரக்கு. நம் பாட்டிலில் ஏழு விரல்கடையில் ஈரம் நின்ற கோடு இருக்கிறதே, மலையும் அதை இப்படித்தான் போட்டு வைத்திருக்கிறது, ஆயிரக்கணக்கான வருடப் பனியின் கணக்காக.

சில கற்களில் வெள்ளை, முதுகுப் பக்கம் இருக்கும். அப்படியென்றால் அந்தக் கல் ஒரு காலத்தில் புரண்டிருக்கிறது. வளை தோண்டிய அணிலோ, நகர்ந்த சரிவோ, யார் புரட்டியது என்று குழியில் இறங்கியவர் தேட ஆரம்பிப்பார்.