ஜாக் லண்டன்: சுள்ளி ஒடித்த இடம்

நேயர்களுக்கு வணக்கம். பெ. தூரன் தமிழில் தந்த ‘கானகத்தின் குரல்’ நாவல் வழியாக அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனை அறிந்தவர்கள் நம்மிடையே பலர். நாய்களையும் ஓநாய்களையும் எழுதியவர் என்று அவரைச் சொல்வோம். அவர் கதைகளில் கைகள் செய்யும் வேலையைக் கவனித்துப் படிக்கச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன். தீ மூட்டுவது, வண்டி கட்டுவது, நாய்க்குத் தீனி அளப்பது: அந்த வேலை எங்கே பிசகுகிறதோ அங்கேதான் கதை திரும்பும்.

1908இல் வெளிவந்த ‘டு பில்ட் எ ஃபயர்’ சிறுகதையை எடுத்துக்கொள்வோம். பெயரில்லாத ஒரு மனிதன், கூடவே ஒரு நாய். இடம் கனடாவின் யூகான் பகுதி, ஹெண்டர்சன் ஓடை. குளிர் பாரன்ஹீட்டில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 75, அதாவது மைனஸ் 59 செல்சியஸ். பாரன்ஹீட்டில் மைனஸ் 50க்குக் கீழே போனால் தனியாக நடக்காதே என்று ஒரு பெரியவர் முன்பே சொல்லியிருக்கிறார். இவன் கேட்கவில்லை.

ஓடை அடிமட்டம்வரை உறைந்துதான் கிடக்கிறது. ஆனால் மலைச்சரிவில் ஊறும் ஊற்றுகள் எந்தக் குளிரிலும் உறைவதில்லை. அந்த நீர் பனிக்கு அடியில், உறைந்த ஓடையின் மேல் பரவி நிற்கும். அதன்மேல் மெல்லிய பனிக்கட்டி ஏடு, அதற்கு மேல் பொடிப்பனி. கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்படி ஓர் இடத்தில் கால் உள்ளே போய், முழங்காலுக்குப் பாதிவரை நனைந்துவிடுகிறது.

கால் காய்ந்திருந்தால் தீ பற்றாவிட்டாலும் கவலையில்லை. அரை மைல் ஓடினால் ரத்தம் ஓடிச் சூடு வரும். நனைந்த காலோடு ஓடினால் கால் இன்னும் இறுகித்தான் உறையும். ஆகவே முதல் தீயே பற்றியாக வேண்டும். அவன் முறையாகத்தான் தொடங்குகிறான். வெள்ளம் கொண்டுவந்து புதரில் செருகிய உலர்ந்த சுள்ளியும் பழைய புல்லும் அங்கே கிடக்கின்றன. பெரிய கட்டைகளை முதலில் பனிமேல் அடுக்குகிறான். இல்லாவிட்டால் தீ தன் சூட்டில் உருகிய நீரிலேயே மூழ்கும். சட்டைப்பையில் வைத்திருந்த பிர்ச் மரப்பட்டைத் துணுக்கில் தீக்குச்சியை வைக்கிறான். பிறகு புல், பொடிச் சுள்ளி, அப்புறம் பெரிய சுள்ளி. வரிசையில் ஒரு குறையும் இல்லை.

இடம்தான் தவறு. ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தடியில் மூட்டிவிட்டான். புதரிலிருந்து சுள்ளியை உருவி அப்படியே தீயில் போடலாம் என்ற வசதிதான் காரணம். பல வாரமாகக் காற்றே அடிக்கவில்லை. மேல் கிளைகள் தாங்கும் அளவுக்கெல்லாம் பனி சுமந்து நிற்கின்றன. ஒவ்வொரு சுள்ளியை உருவும்போதும் மரம் லேசாக அதிர்கிறது. உச்சியில் ஒரு கிளை கவிழ, அடுத்த கிளை, அதற்கடுத்தது, முடிவில் மொத்தப் பனியும் தீயின் மேல்.

இரண்டாம் தீயை வெட்டவெளியில் அடுக்குகிறான். அதற்குள் விரல் மரத்துவிட்டது. சுள்ளியைப் பிரித்தெடுக்க முடியாமல் உளுத்ததையும் பச்சைப் பாசியையும் சேர்த்து வாருகிறான். 70 கந்தகத் தீக்குச்சிகள். ஒன்றைத் தனியே பிரிக்க முடியவில்லை. இரு உள்ளங்கைகளுக்கு இடையே கட்டாகப் பிடித்து மொத்தமாக உரசுகிறான். சதை தீய்கிறது. பட்டை பற்றிக்கொள்கிறது. பிறகு அந்தப் பச்சைப் பாசியில் ஒரு பெரிய துண்டு நேராகத் தீயின் மேல் விழுகிறது. அதை ஒதுக்கப் போன விரல் நடுக்கத்தில் தீயையே கலைத்துவிடுகிறது.

லண்டனுக்கு இந்த ஓடை நேரில் தெரியும். 21 வயதில், 1897இல், தங்கம் தேடி சில்கூட் கணவாய் ஏறிப் போனவர் அவர். ஓராண்டுக்கான உணவையும் பொருளையும் கூடவே கொண்டுபோக வேண்டியிருந்தது. கருவிகளோடு சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டன். ஒரே சரிவைத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிச் சுமந்தார்கள். ஹெண்டர்சன் ஓடையில் நிலம் பதிந்துகொண்டு, அந்தக் குளிர்காலத்தை அப்பகுதியில் ஒரு மரக்குடிலில் கழித்தார். காய்கனி இல்லாமல் வரும் ஸ்கர்வி நோயோடு 1898இல் திரும்பினார். தங்கம் கிடைக்கவில்லை.

1903இல் வந்த ‘கானகத்தின் குரலி’ல் ஹால் என்பவனின் பயணத்தைப் பாருங்கள். ஒரே சறுக்குவண்டிக்கு 14 நாய்கள். நாய் கூடினால் வேகம் கூடும் என்பது அவன் கணக்கு. 14 நாய்க்கு வேண்டிய தீனியை ஒரு வண்டி சுமக்காது என்பதை அவன் எண்ணவில்லை. இழுக்கத் தெம்பில்லை என்று முதலில் தீனியை இரட்டிப்பாக்குகிறான். ஒருநாள் பார்த்தால் தீனி பாதி தீர்ந்திருக்கிறது, தூரம் கால்வாசிதான் கடந்திருக்கிறது. இதற்கு முன்பு, தேர்ந்த ஓட்டிகளிடம் இருந்தபோது, பக் என்ற நாய்க்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் உலர்ந்த சால்மன் மீன் அளந்து கொடுத்தார்கள். மற்ற நாய்களுக்கு ஒரு ராத்தல்.

அதே நாவலில் 1000 ராத்தல் மாவு மூட்டையைப் பக் இழுக்கும் பந்தயமும் உண்டு. ஏறக்குறைய 450 கிலோ. எடையைவிடப் பெரிய தொல்லை, வண்டியின் அடிச்சட்டங்கள் பனியோடு ஒட்டி உறைந்திருப்பது. நேராக இழுத்தால் அசையாது. பக்கின் அப்போதைய எஜமானன் தார்ன்டன் முதலில் வலப்பக்கம் திரும்பச் சொல்கிறான், பிறகு இடப்பக்கம். படபடவென்று பனி விடுகிறது, சட்டம் சில அங்குலம் பக்கவாட்டில் நழுவுகிறது. பிறகுதான் முன்னோக்கி இழுக்கும் கட்டளை.

இந்தத் துல்லியம் அதே நாவலின் கடைசி அத்தியாயத்தில் குறைந்துவிடுகிறது. அங்கே வரும் யீஹட் பழங்குடி லண்டனின் கற்பனை. பூர்வகுடி மக்களை அவர் நாய்களைப் பார்த்த அளவுக்குக்கூட உன்னிப்பாகப் பார்க்கவில்லை. இதை நான் பெருங்குறையாகவே கருதுகிறேன்.

புதிதாகப் படிக்க வருபவர்கள் தீ மூட்டும் கதையின் இரு வடிவங்களையும் தேடிப் படியுங்கள். 1902இல் இளைஞர் இதழ் ஒன்றுக்காக எழுதிய வடிவத்தில் அவனுக்கு டாம் வின்சென்ட் என்று பெயர் உண்டு, நாய் கிடையாது. அங்கேயும் மரத்துப் பனி விழுந்து தீ அணைகிறது. ஆனால் அவன் கைகளில் தழும்போடு பிழைத்துக்கொள்கிறான். ஆறு ஆண்டு கழித்து லண்டன் பெயரை எடுத்துவிட்டார், நாயைச் சேர்த்தார், மனிதனைச் சாகவிட்டார். நாய் அவன் பக்கத்தில் காத்திருந்துவிட்டு, தீயும் தீனியும் கிடைக்கும் கூடாரத்தை நோக்கி ஓடுகிறது.