ஏழு நாள் மௌனம், நான்கு மாத அவகாசம்

அவையோருக்கு வணக்கம்.

2012 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூடவுன் என்ற சிற்றூர். அங்குள்ள சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன்பின் தேசிய ரைபிள் சங்கம், அதாவது துப்பாக்கி உரிமைக்காக அரசியல்வாதிகளை நெருக்கும் லாபி அமைப்பான என்.ஆர்.ஏ., என்ன செய்தது என்பதை நாள்வாரியாகப் பார்ப்போம்.

முதலில் தன் ஃபேஸ்புக் பக்கத்தை மறைத்து வைத்தது. நான்கு நாள் வாய் திறக்கவில்லை. 18ஆம் தேதி சில வரிகளில் ஓர் அறிக்கை. சரியாக ஒரு வாரம் கழித்து, 21ஆம் தேதி, அதன் தலைமை நிர்வாகி வெய்ன் லாபியேர் வாஷிங்டனில் செய்தியாளர்களைக் கூட்டிப் பேசினார். கேள்விகளுக்கு இடம் தரவில்லை. குற்றத்தை வீடியோ விளையாட்டுகள் மீதும் திரைப்படங்கள் மீதும் ஊடகங்கள் மீதும் போட்டார். பள்ளிதோறும் ஆயுதம் தாங்கிய காவலர் வேண்டும் என்றார். துப்பாக்கி ஏந்திய கெட்டவனைத் தடுக்க, துப்பாக்கி ஏந்திய நல்லவனால்தான் முடியும் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

அந்த ஏழு நாள் மௌனத்தை வெறும் தயக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். மக்களின் கோபத்துக்கு ஓர் ஆயுள் உண்டு. சட்டமன்ற நடைமுறைக்கு வேறொரு வேகம் உண்டு. முதலாவது தணியும்வரை இரண்டாவதை இழுத்தடித்தால் போதும். நியூடவுன் விவகாரத்தில் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் குழு விசாரணை ஜனவரி 30இல் நடந்தது. வாக்கெடுப்புக்கு ஏப்ரல் 17 வந்துவிட்டது. நான்கு மாதம்!

வாக்கெடுப்புக்கு வந்த திருத்தம் என்ன பெரிய புரட்சியா? மேற்கு வர்ஜீனியாவின் ஜோ மேன்சின், பென்சில்வேனியாவின் பாட் டூமி, இருவருமே என்.ஆர்.ஏ.விடம் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், சேர்ந்து எழுதியது. துப்பாக்கிக் கண்காட்சியிலும் இணைய விளம்பரம் வழியாகவும் விற்கும்போது வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும், அவ்வளவுதான். குடும்பத்துக்குள் கைமாறினால் சோதனை இல்லை. துப்பாக்கி வைத்திருப்போர் பட்டியலை அரசு தயாரித்துவிடும் என்று சங்கம் பயமுறுத்தியது. ஆனால் அப்படிப் பட்டியல் தயாரிக்கும் அதிகாரிக்கு 15 ஆண்டு வரை சிறை என்று அந்தத் திருத்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆதரவு 54, எதிர்ப்பு 46. பெரும்பான்மை கிடைத்தும் தோற்றது. விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்து மசோதாவை முடக்க இடம்தரும் ஃபிலிபஸ்டர் விதிப்படி, 100 பேரில் 60 வேண்டும். ஆக, 41 செனட்டர்களைப் பிடித்து வைத்திருந்தாலே லாபிக்கு வெற்றி.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 1999 ஏப்ரலில் கொலம்பைன் பள்ளியில் 13 பேர் கொல்லப்பட்டபின், மே மாதம் இதே லாபியேர் நாடாளுமன்றக் குழுமுன் வந்து, கண்காட்சியில் நடக்கும் ஒவ்வொரு விற்பனைக்கும் சோதனை நியாயமானதே என்று சாட்சி சொன்னார். 2013இல் அது கூடாது என்றார். இடையில் ஆபத்து குறைந்துவிடவில்லை. சங்கத்தின் நிலைதான் இறுகியது.

லாபி என்றதும் நம் நினைவுக்கு வருவது பணப்பெட்டி. அதில் உண்மை உண்டு. 2016 தேர்தலில் டிரம்ப்பை ஆதரித்து 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார்கள். ஆனால் பணத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். ஓர் அரசியல் நிதிக்குழு ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடியது 5,000 டாலர்தான். அதற்காகவா ஒரு செனட்டர் நடுங்குவார்? அவர் நடுங்குவது 'ஏ' முதல் 'எஃப்' வரை சங்கம் போடும் மதிப்பெண்ணுக்கு. எந்த வாக்கெடுப்பைக் கணக்கில் எடுக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே கடிதம் போகும். மதிப்பெண் குறைந்தால், சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே எதிராளி முளைப்பார். உட்தேர்தலில் வாக்களிப்பவர்கள் கொஞ்சம் பேர். இந்த ஒரே விஷயத்துக்காகவே வாக்குச்சாவடிக்கு வருபவர்களுக்கு அங்கே எடை கூடுதல்.

கொலராடோவைப் பாருங்கள். 2012 ஜூலையில் அரோரா திரையரங்கில் 12 பேர் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு அம்மாநிலம் மேகசினில், அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டா உறையில், 15 தோட்டாவுக்கு மேல் கூடாது, எல்லா விற்பனைக்கும் பின்னணிச் சோதனை என்று சட்டம் போட்டது. உடனே துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் கையெழுத்து வேட்டை நடத்தி, 2013 செப்டம்பரில் ஜான் மோர்ஸ், ஏஞ்சலா ஹிரோன் என்ற இரண்டு மாநில செனட்டர்களைத் திரும்ப அழைக்கும் தேர்தல் வைத்தார்கள். கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள் பல மடங்கு அதிகம் செலவழித்தும் இருவரும் பதவி இழந்தார்கள். மோர்ஸ் தோற்றது சில நூறு வாக்குகளில். சட்டம் நிலைத்தது, ஆனால் மற்ற மாநில உறுப்பினர்கள் மனத்தில் பதிந்தது அந்த இரண்டு காலி நாற்காலிகள்.

சட்டம் வந்தாலும் அதற்குள் ஓட்டை இருக்கும். உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்புவார். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் சோதனை அமைப்பைக் கேட்பார். பதில் மூன்று வகை: கொடுக்கலாம், கூடாது, பொறுத்திருங்கள். மூன்றாவது பதில் வந்து, மூன்று வேலை நாளுக்குள் முடிவு தெரியாவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். 2015 ஏப்ரலில் தென் கரோலினாவில் நடந்தது இதுதான். வாங்க வந்தவன் போதைப்பொருள் வழக்கில் ஒப்புக்கொண்ட தகவல் விற்பனையைத் தடுத்திருக்கும். கைது செய்த காவல் துறையின் பெயர் பதிவேட்டில் தவறாக இருந்ததால், சோதித்த அதிகாரி வேறு அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கெடு முடிந்தது, துப்பாக்கி கைக்குப் போனது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் நகர மதர் இமானுவேல் தேவாலயத்தில், விவிலியப் படிப்புக்குக் கூடியிருந்த 9 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு எழுத்தர் பிழையை ஒன்பது சாவாக்கியது அந்த மூன்று நாள் கெடு.

லாபி சில சமயம் விட்டுக்கொடுப்பதுபோலவும் தோன்றும். 2017 அக்டோபர் 1, லாஸ் வேகஸ். ஹோட்டல் அறையிலிருந்து இசை நிகழ்ச்சிக் கூட்டத்தின் மீது, பத்து நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான தோட்டாக்கள். அவ்வளவு வேகத்தைத் தந்தது பம்ப் ஸ்டாக் என்ற உதிரிப் பாகம். ரைபிளின் அடிக்கட்டைக்குப் பதில் இதைப் பொருத்துவார்கள். சுட்டதும் துப்பாக்கி பின்னுக்கு உதைக்கும். இந்தப் பாகம் அதைச் சறுக்கவிடும். துப்பாக்கியின் முன்பகுதியைப் பிடித்திருக்கும் கை தள்ள, துப்பாக்கி முன்னே வரும்போது அசையாமல் நிற்கும் விரலில் விசை தானே மோதும். இயந்திரத் துப்பாக்கிபோலச் சடசடவெனப் பொரியும்.

நான்கே நாளில் என்.ஆர்.ஏ. அறிக்கை விட்டது: இதை, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அரசின் ஏ.டி.எஃப். துறை மறுபரிசீலனை செய்யட்டும் என்று. இறங்கி வந்துவிட்டார்கள் என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த வாக்கியத்தில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றட்டும் என்ற சொல்லே இல்லை. துறை விதி போட்டது. 2019 மார்ச்சில் தடை அமலானது. துறைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2024 ஜூன் 14 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தடையை அடித்துவிட்டது. 2017லேயே நாடாளுமன்றம் ஒரு பக்கச் சட்டம் இயற்றியிருந்தால், இந்த வாதம் எழுந்தே இருக்காது.

தோல்விக் கதை மட்டுமல்ல. 2018 பிப்ரவரி 14, புளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரு வாரத்துக்குள் மாணவர்கள் பேருந்தேறித் தலைநகர் டல்லஹாசியில் இறங்கினார்கள். சட்டமன்றத் தொடர் நடந்துகொண்டிருந்தது, முடிய இன்னும் சில வாரமே. அங்கே 60 வாக்குத் தடையும் கிடையாது. 23ஆம் நாள், மார்ச் 9 அன்று, என்.ஆர்.ஏ.வின் செல்லப்பிள்ளையாக இருந்த குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்டார். எந்தத் துப்பாக்கி வாங்கவும் வயது 21, மூன்று நாள் காத்திருப்பு, ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவின் பேரில் துப்பாக்கியை எடுத்து வைக்கும் அதிகாரம். விலையும் உண்டு: பள்ளி ஊழியர்களுக்கு ஆயுதப் பயிற்சி தரும் திட்டத்தை ஏற்க வேண்டியிருந்தது. எனக்கு அது உடன்பாடில்லை. ஆனால் அதற்காக முழுச் சட்டத்தையும் கைவிட்டிருந்தால் பெருந்தவறு.

கையெழுத்தான அன்றே என்.ஆர்.ஏ. வழக்குப் போட்டது. 2025 மார்ச்சில்தான் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 21 வயது வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. இதற்கிடையே வயதை 18ஆகக் குறைக்கும் மசோதாவை மாநிலக் கீழவை 2023, 2024, 2025 என்று மூன்று முறை நிறைவேற்றி அனுப்பியது. மூன்று முறையும் மேலவை அதைச் சட்டமாக்கவில்லை.