இடிக்க ஓர் உத்தரவு, கட்ட எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு தமிழ்நாடு முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்தது சரிதான். தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியராக இருந்தவன் நான். ஓடு சரிகிற கூரையின் கீழே எந்த ஆசிரியருக்கும் பாடம் நடத்த மனம் வராது.

இடிப்பதற்கு ஓர் உத்தரவு போதும். கட்டுவதற்கோ மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை என்று நீள்கிறது. வேலை தொடங்கிய பிறகும் பொறியாளர் அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, பட்டியல், அதாவது பில், போனால்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம். அது தாமதமானால் அவர் ஆட்களை வேறு வேலைக்குக் கூட்டிப் போய்விடுகிறார். ஜன்னல் மட்டத்தோடு சுவர் நின்றுவிடுகிறது.

மேலிடத்துச் சிக்கல் தனி. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. பி.எம். ஸ்ரீ என்னும் மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25ஆம் ஆண்டுக்கான சுமார் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

இவ்வளவுக்கும் நடுவில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? சமுதாயக் கூடத்தில், கோயில் மண்டபத்தில். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில். ஒரு பக்கம் வாய்ப்பாடு, மறுபக்கம் பாட்டு. எதுவும் காதில் ஏறாது. ஊரில் திருமணம் என்றால் அதற்கும் இடமில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்த பெற்றோர், பெங்களூரில் கட்டட வேலை செய்து அனுப்பும் பணத்தில் பிள்ளையைத் தனியார் பள்ளி வேனில் ஏற்றிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அடுத்து வருவதைக் கவனியுங்கள். ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போகும். பிறகு, "இத்தனை பிள்ளைகளுக்கு எதற்குப் புதுக் கட்டடம்?" என்ற கேள்வி எழும். பிள்ளைகளை விரட்டியதே கட்டடம் வராத தாமதம்தான். அந்தத் தாமதத்துக்கு இப்போது அவர்கள் இல்லாததே காரணமாகிவிடுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். பள்ளியை இடிக்கும் ஆணையிலேயே புதுக் கட்டடத்துக்கான நிதி ஒதுக்கீடும் இருக்க வேண்டும். கட்டி முடிக்கும்வரை அந்தப் பள்ளியின் ஆசிரியர் பணியிடத்தில் கைவைக்கக் கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில், "கோப்பு எந்த மேசையில் இருக்கிறது, கடைசிப் பட்டியல் தொகை எப்போது கொடுக்கப்பட்டது?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதிலைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.