ஆத்தில போட்டாலும் அளந்து போடு: வெள்ளவத்தைக் கூட்டத்தில பேசினது

போன போயா அண்டு வெள்ளவத்தையில நடந்த கூட்டத்தில நிலத்தடித் தண்ணியைப் பற்றி நான் பேசினதை எழுத்திலயும் தாங்கோ எண்டு கொஞ்சப்பேர் கேட்டவை. பேசின மாதிரியே போடுறன். நீண்டு போச்சு எண்டு சொல்லுறாக்கள் அண்டைக்கே முகத்துக்கு நேர சொல்லிப்போட்டினம்.

எல்லாருக்கும் வணக்கம். கூட்டத் தலைவர் அவர்களே, பிரதம அதிதியா வந்திருக்கிற ஓய்வுபெற்ற நீர்ப்பாசன எஞ்சினியர் ஐயா அவர்களே (ஐயாவைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போனால் பாவம் பிடிக்கும், வன்னியில இவர் ஏறி நடக்காத குளக்கட்டு இல்லை, இப்பவும் ரெண்டு நாள் மழை பெஞ்சால் இரணைமடு எத்தினை அடி எண்டு ஃபோன் போட்டுக் கேக்கிற மனுசன்), சிறப்பு அதிதியா வந்திருக்கிற பேராசிரியர் அம்மா அவர்களே, ஆசியுரை தந்த குருக்கள் ஐயா, பாதர், மௌலவி அவர்களே, மண்டப வாடகையைக் குறைச்சுத் தந்த அண்ணை, காலி வீதி ட்ராஃபிக்குக்குள்ளால வந்து சேர்ந்த அம்மாமார், ஐயாமார், பின்னால நிண்டு ஃபோன் பாக்கிற தம்பிமார், எல்லாருக்கும் என்ர வணக்கம். பொன்னாடைக்கும் நன்றி, ஆனா அந்தக் காசுக்கு ஒரு அளவுநாடா வாங்கித் தந்திருந்தால் எனக்கு இன்னும் சந்தோசமா இருந்திருக்கும். ஏனெண்டு கொஞ்சத்தால விளங்கும்.

எனக்குத் தந்த தலைப்பு, அயல்நாடுகள் பங்குபோடுற நிலத்தடித் தண்ணி. வாசல்ல ஒரு தம்பி கேட்டார், அண்ணை நாங்கள் தீவு, எங்களுக்கு நில எல்லையே இல்லை, எங்களுக்கு இது என்னத்துக்கு எண்டு. நல்ல கேள்வி, பதில் வரும். மூண்டு விசயம் கதைக்கப்போறன். ஒண்டு, இந்தத் தண்ணியை எப்பிடி ஆராயினம். ரெண்டு, ஆராய்ஞ்சு போட்டு எப்பிடிப் பங்குபோடினம். மூண்டு, சர்வதேசச் சட்டம். மூண்டாவதுதான் பெரிசு, அதைக் கடைசியில ஆறுதலாப் பாப்பம்.

ஆறு எண்டால் கண்ணுக்குத் தெரியும், மேல்நாட்டுக்காரன் அணை கட்டினால் கீழ்நாட்டுக்காரன் அண்டைக்கே கத்துவான். நிலத்துக்குக் கீழ இருக்கிறதுக்கு அந்தக் கதை இல்லை. நெதர்லாந்தில இதுக்கெண்டே ஒரு சர்வதேச மையம் இருக்கு, அவை 2021ல வெளியிட்ட உலகப் படத்தில நாட்டு எல்லைகளைத் தாண்டிக் கிடக்கிற நீர்ப்படுகைகள், அதாவது நிலத்துக்குக் கீழ தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கிற மண், பாறைப் படைகள், 468. அதில முறையா ஒப்பந்தம் எழுதிப் பங்குபோடுறது எத்தினை எண்டு பாத்தால் கைவிரல் போதும். ஏன் எண்டால் எவனுக்கும் எவ்வளவு இருக்கு எண்டு தெரியாது, தெரியாத சொத்தை எப்பிடிப் பங்கு பிரிக்கிறது? எங்கட ஆக்கள் அந்தக் காலத்திலயே சொல்லிவச்சிட்டினம், ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டு.

எப்பிடி அளக்கிறது? தண்ணியின்ர வயசைப் பாக்கினம். 1950கள், 60களில வல்லரசுகள் ஆகாயத்தில அணுகுண்டு வெடிச்சுப் பாத்ததுகள் எல்லோ, அதால மழைத்தண்ணியில ட்ரிட்டியம் எண்ட கதிர்வீச்சுள்ள ஐதரசன் வகை கூடிப்போச்சு. கிணத்துத் தண்ணியில அது இருந்தால் அது அண்மைக்கால மழை, இல்லாட்டி அதுக்கு முந்தின தண்ணி. எகிப்து, லிபியா, சூடான், சாட் நாலு நாட்டுக்கும் கீழ கிடக்கிற நூபியன் படுகையில இருக்கிறது பெரும்பாலும் ஆயிரக்கணக்கான வருசத்துக்கு முந்தின மழை, இப்ப பெய்யிறது அதை நிரப்பாது. அதைத்தான் லிபியா 1984ல தொடங்கின ராட்சதக் குழாய்த் திட்டத்தில கடற்கரைப் பட்டணங்களுக்கு இழுத்தது. இன்னொரு வழி வானத்தில இருந்து. 2002ல கிரேஸ் எண்டு ரெண்டு சட்டலைட் விட்டவை, ஒண்டுக்குப் பின்னால ஒண்டு போகும், கீழ தண்ணி குறைஞ்சால் புவியீர்ப்பு ஒரு சொட்டு குறையும், ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரம் மாறும், அதை வச்சுக் கணக்குப் பாக்கிறது. பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் பக்கம் 2002க்கும் 2008க்கும் இடையில 109 கன கிலோமீற்றர் நிலத்தடித் தண்ணி போச்சு எண்டு கண்டுபிடிச்சது அப்பிடித்தான். எல்லைக்கு அங்கால பாகிஸ்தான் பஞ்சாப்பும் இறைச்சுக்கொண்டுதான் இருக்கு. 1960ல சிந்து நதிக்கு ஒப்பந்தம் எழுதினவை, ஆறுகளைப் பிரிச்சவை, நிலத்துக்குக் கீழ இருக்கிறதைப் பிரிக்கேல்ல.

இதில எனக்கு ஒரு ஊர்க்கதை ஞாபகம் வருது, சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. எங்கட பெரியப்பாவுக்கும் அவற்ற ஒண்டுவிட்ட தம்பிக்கும் தோட்டத்தில பங்குக் கிணறு. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு விளங்கும், கொழும்பில பிறந்த பிள்ளையளுக்குச் சொல்லுறன், கிணறு ஒண்டு, பங்காளியள் கனபேர், இண்டைக்கு இவர் முறை நாளைக்கு அவர் முறை எண்டு இறைப்பு, உறுதியிலயே கிணத்துப் பங்கு, வழி வாய்க்கால் எல்லாம் எழுதியிருக்கும். இவை ரெண்டுபேரும் ஒரு கலியாண வீட்டில முதல் பந்தியில இருத்தேல்ல எண்டு முகம் முறிச்சவை, ஆனா கிணறு ஒண்டுதானே, என்ன செய்யிறது. ஒரு மாசிப் பக்கம் விடியக் காலமை பெரியப்பா மிசினைக் கொண்டுபோய் வைக்கிறார், தண்ணி இல்லை. இவர் நினைச்சார் அவர் இரவில களவா இறைக்கிறார் எண்டு. அவற்ற முறைக்கு அவர் போறார், தண்ணி இல்லை, அவரும் அப்பிடியே நினைச்சார். வேலி வெட்டு, வாய்ச்சண்டை, கடைசியில மண்வெட்டிப்பிடி வரைக்கும் போச்சுது. ஊர் கூடி விதானையாரைக் கூப்பிட்டது. விதானையார் வெள்ளை வேட்டி, தோளில சால்வை, கதிரை போட்டு இருந்து பால்த்தேத்தண்ணி குடிச்சு, ரெண்டுபேரும் ஒரு கிழமைக்கு இறைக்கப்படாது எண்டு தீர்ப்புச் சொன்னவர். ரெண்டுபேரும் கேட்டினம். தண்ணி அப்பவும் இறங்குது.

எங்கட ஆச்சி, கையெழுத்துப் போடத் தெரியாத மனுசி, துலாக்கயிறு ஒண்டை எடுத்து முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில கல்லுக் கட்டி, பொழுதுபட ஒருக்கா விடிய ஒருக்கா கிணத்துக்குள்ள விட்டுப் பாத்தவ. ஒருத்தரும் இறைக்காத இரவில ஒரு முடிச்சு இறங்குது. பிறகு கயிறோட பக்கத்துத் தோட்டங்களுக்குப் போனவ, கிணத்துக்குக் கிணறு விட்டுப் பாத்தவ, ஆக்கள் பேய்க்கிழவி எண்டு சிரிச்சவை. கடைசியில ஒரு வாழைத்தோட்டத்துக் கிணத்தடியில விடியப்புறம் மிசின் இன்னும் சூடாக் கிடக்கு. தோட்டம் ஆற்ற? தீர்ப்புச் சொன்ன விதானையாற்ற! அந்த ஒரு கிழமையும் மற்றவை நிப்பாட்டினதில அவற்ற வாழைக்கு நல்ல பாச்சல். பேர் சொல்லேல்ல, பேரப்பிள்ளையள் இஞ்ச முன்வரிசையில இருந்தாலும் இருப்பினம். அண்டைக்கு ஆச்சி சொன்ன சொல்லுத்தான், ஆத்தில போட்டாலும் அளந்து போடு.

சரி, விசயத்துக்கு வாறன். ஆச்சி செய்ததைத்தான் ஜெனிவாக்காரர் செய்தவை. சுவிஸில ஜெனிவாவுக்கும் பிரான்சில ஒட் சவுவா மாவட்டத்துக்கும் கீழ ஒரே படுகை. 1960ல இருந்து ரெண்டு பக்கமும் அள்ளின அள்ளில மட்டம் 7 மீற்றருக்கு மேல இறங்கிப் போச்சு. 1978ல ஒப்பந்தம் எழுதினவை. ரெண்டு தலைநகரமும் இல்லை, உள்ளூர் நிர்வாகங்கள், அதைக் கவனியுங்கோ. பக்கத்துக்கு மூண்டுபேரா ஆறுபேர் கமிட்டி, இறைக்கிற ஒவ்வொரு கிணத்துக்கும் மீற்றர், ஆர்வ் ஆத்துத் தண்ணியைச் சுத்தம் செய்து நிலத்துக்குள்ள திருப்பி விட ஒரு நிலையம். 30 வருசம் முடிய 2008ல இருந்து புது ஒப்பந்தம். உலகத்தில உருப்படியா நடக்கிறது எண்டு எல்லாரும் காட்டுறது இதைத்தான்.

இன்னொண்டு எங்களுக்குக் கிட்ட. பத்தரமுல்லை பெலவத்தையில தலைமையகம் வச்சிருக்கிற சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இருக்கெல்லோ, இஞ்ச இருந்து பஸ்ஸில போகலாம், அவை முன்னுக்கு நிண்டு ஆராய்ஞ்சது பொட்ஸ்வானாவுக்கும் தென்னாபிரிக்காவுக்கும் நடுவில இருக்கிற ரமொட்ஸ்வா படுகை. ஹெலிகொப்டரில பெரிய சட்டகம் (ஃபிரேம்) ஒண்டைத் தொங்கவிட்டுப் பறந்து, நிலத்துக்குக் கீழ மின்சாரம் எப்பிடிப் போகுது எண்டு பாத்துப் படம் கீறினவை. கீழ பாறைச் சுவருகள் நிண்டு படுகையை அறை அறையாப் பிரிச்சிருக்கு, அப்ப ஒரு அறையில இறைச்சால் மற்ற அறைக்காரனுக்குப் பெரிசாத் தெரியாது, ஒரே அறைக்குள்ள எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஆக்கள் இருந்தால்தான் சண்டை. கரையிற சுண்ணப்பாறை வகை, மலசலகூடக் குழியால நைத்திரேற் எண்ட உப்பு இறங்கி 1990களில ஊர்க் கிணறுகளை மூடினவை, பிறகு பொட்ஸ்வானாத் தலைநகருக்குத் தண்ணி குடுக்கிற கபரோன் அணை வத்தினபோது அதே கிணறுகளைத்தான் திரும்பத் தேடினவை. எங்கட யாழ்ப்பாணத்து வலிகாமமும் சுண்ணப்பாறை, குழியும் உரமும் சேந்து அதே நைத்திரேற்.

இப்ப அந்தத் தம்பின்ர கேள்வி. எங்களுக்கு எல்லை இல்லையா? இருக்கு தம்பி, எங்கட பக்கத்து நாடு கடல். யாழ்ப்பாணத்தில எண்டாலும் இந்த வெள்ளவத்தைக் கரையில எண்டாலும் நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலதான் மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டால் கீழ கிட்டத்தட்ட 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும் எண்டு கணக்கு. அப்ப மேல ஒரு அடி இறைச்சுக் குறைச்சால்? 40 அடிக்கு உப்பு ஏறி வரும். கடலோட ஒப்பந்தம் எழுதேலாது, ஜெனிவாக் கமிட்டி மாதிரி மூண்டு மீனை இருத்தேலாது. எங்களால செய்யக்கூடிய ஒரே விசயம் அளக்கிறது.

அதுதான் நான் ஊர் ஊராச் சொல்லிக்கொண்டு திரியிறது, போயாவுக்குப் போயா கிணறு அளக்கிறது. போயா லீவு, எல்லாரும் வீட்டில. விடிய மோட்டர் போட முதல் கிணத்துக் கட்டில இருந்து தண்ணி வரைக்கும் எத்தினை அடி, எத்தினை அங்குலம், எழுதி வட்ஸப்பில போடுங்கோ, அவ்வளவுதான். இதில கொழும்பில இருக்கிற உங்களுக்கு ஒரு விசேஷ வேலை இருக்கு. உங்கட கனபேருக்கு ஊரில பூட்டிக் கிடக்கிற வீடு இருக்கு, கிணறு இருக்கு, ஒருத்தரும் இறைக்கிறேல்ல. அதுதான் எங்களுக்குத் தங்கம். இறைக்காத கிணத்திலதான் படுகையின்ர உண்மையான மட்டம் தெரியும், வெளிநாட்டில இதுக்கெண்டே காசு குடுத்துத் துளை போடினம், நாங்கள் சும்மா பூட்டி வச்சிருக்கிறம். பக்கத்து வீட்டுக்காரரிட்டத் திறப்பைக் குடுத்து ஒரு கயிறும் குடுத்துவிடுங்கோ. ஆத்தில போட்டாலும் அளந்து போடு!

தலைவர் துண்டு அனுப்பிப்போட்டார், நேரம் முடிஞ்சுதாம். மூண்டாவது விசயம், சட்டம். 2008 டிசம்பரில ஐ.நா. பொதுச்சபை 63/124 எண்டு ஒரு தீர்மானம் போட்டது, அதோட 19 உறுப்புரைகள் சேத்திருக்கு, நியாயமாப் பாவி, அயலவனுக்குத் தீங்கு செய்யாதை, தரவைப் பரிமாறு எண்டு. கட்டுப்படுத்தாது, வழிகாட்டல் மட்டும். தென்னமெரிக்காவில குவாரனிப் படுகைக்கு நாலு நாடு 2010ல ஒப்பந்தம் கைச்சாத்திட்டவை, அது நடைமுறைக்கு வர 2020 ஆச்சுது. மிச்சத்தைப் பேராசிரியர் அம்மா சொல்லுவா, அவவுக்கு என்னை விட வடிவாத் தெரியும்.

வாசல் மேசையில ஃபோம் இருக்கு, கயிறும் இருக்கு, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டது, கயிறு ஒண்டு நூறு ரூபா, பிரதம அதிதி ஐயா முதல் கயிறை வாங்கிறதாச் சொல்லியிருக்கிறார். டியூப் வெல் இருக்கிற அப்பார்ட்மென்ட் ஆக்கள் நீங்களா மூடியைக் கழட்டிப் போடாதேங்கோ, பேரையும் நம்பரையும் எழுதிவிட்டால் விசயம் தெரிஞ்ச ஒரு தம்பி வந்து பாப்பார். வடை முடியிறதுக்குள்ள எழுதிப்போட்டுப் போங்கோ. நன்றி, வணக்கம்.