கோயில் எண்ணெய்க்கு வரும் கரடி

நேயர்களுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் சின்ன விவசாயி நான். காட்டு விலங்கு என்றதும் யானை, புலி பற்றித்தான் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அது கூடலூர், மசினகுடிக்காரர்கள் படும் பாடு. அதை அவர்கள் சொன்னால்தான் சரியாக இருக்கும். எங்கள் பாடு கரடியோடும் காட்டெருமையோடும்.

எங்கள் ஊர்க் கோயில் கதவைக் கரடி மூன்று முறை உடைத்துவிட்டது. பக்தியெல்லாம் இல்லை, விளக்குக்கு ஊற்றும் எண்ணெய்தான் காரணம். கரடிக்குப் பார்வையும் காதும் சுமார். மூக்கு மட்டும் அபாரம். மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கரையானை உறிஞ்சித் தின்னும். புற்றைப் பெயர்க்கிற நகத்துக்குப் பலகைக் கதவு எம்மாத்திரம்?

பார்வை மந்தம் என்பதுதான் எங்களுக்கு ஆபத்து. நாம் கிட்டே போகும்வரை அதற்குத் தெரியாது. சட்டென்று ஆளைக் கண்டால் மிரண்டு பாயும், பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் காயம். அதனால் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் தோட்டத்தில் இறங்குமுன் சத்தம் கொடுப்பார்கள். என் அம்மா தூக்குவாளியைத் தட்டுவார். என் மனைவி மொபைலில் பாட்டுப் போடுகிறார். கரடிக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

காட்டெருமை வேறு மாதிரி. வளர்ந்த கடா ஆயிரம் கிலோகூட இருக்கும். வழியில் நின்றால் அது நகரும்வரை நாங்கள் நிற்போம், அவ்வளவுதான். செல்ஃபி எடுக்க இறங்குகிற சுற்றுலாக்காரர்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

'கரடியைக் கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போங்கள்' என்று வனத்துறையிடம் நானும் கத்தியிருக்கிறேன். அப்புறம் யோசித்தேன். பச்சைத் தேயிலைக்கு விலை கட்டாமல் கைவிட்ட தோட்டங்கள் எங்கள் ஊரைச் சுற்றி எத்தனை! எல்லாம் புதராகி, உன்னிச்செடி ஏறிக் கிடக்கிறது. உன்னிப்பழம் கரடிக்குத் தீனி. புதர், பகலில் படுக்க இடம். ஒன்றைப் பிடித்துப் போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வராதா?

கோயிலில் இப்போது சாயங்காலப் பூசை முடிந்ததும் பூசாரி எண்ணெய் டின்னை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுகிறார். கதவைப் பூட்டுவதும் இல்லை. போன மாதம் ஒருநாள் காலையில் பார்த்தால் உள்ளே கால்தடம், அகல் விளக்கு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தச்சருக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.